திருப்பணி நிறைவு அறிக்கை: கணக்கும் சாவியும்

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், வெளியூரில் இருந்தபடியே தோள் கொடுத்த உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் சிவன் கோயில் கும்பாபிஷேகம் ஆகி, 48 நாள் மண்டலாபிஷேகமும் நல்லபடியாக முடிந்துவிட்டது. வேலை எப்படி நடந்தது, பணம் எங்கே போனது, என்ன மிச்சம் என்று உங்களிடம் ஒப்படைக்க வேண்டியது எங்கள் கடமை. இந்த அறிக்கையோடு நாங்கள் ஐந்து பேரும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காரணத்தைப் பின்னால் எழுதியிருக்கிறோம்.

கூரை ஒழுகியதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் தவறும் இருக்கிறது. போன திருப்பணியில் பழைய சுண்ணாம்புத் தளத்துக்கு மேல் சிமென்ட் போடச் சொன்னவர்களில் எங்களில் மூன்று பேர் உண்டு. அதுதான் உறுதி என்று அன்று மனதார நம்பினோம். சிமென்ட் வெயிலில் விரிசல் விட்டது. விரிசலில் இறங்கிய தண்ணீர் மறுபடி மேலே காய்ந்து போக வழியில்லாமல் அடியில் இருந்த செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்தது. அர்த்த மண்டபத்தில் சொட்டியது அந்தத் தண்ணீர்தான். சிமென்ட்டைப் பெயர்த்தபோது அடியில் செங்கல் கையால் பிசையும் அளவுக்கு இளகியிருந்ததை, அன்று மேலே ஏறிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த முறை சிமென்ட்டைத் தொடவில்லை. சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறவைத்து, வடிகட்டி, அரைத்து எடுத்தோம். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தொட்டியில் ஊறப்போட்டு, புளித்த அந்தத் தண்ணீரில்தான் காரை குழைத்தார்கள். தெருவெல்லாம் வாடை வந்தும் பொறுத்துக்கொண்ட கீழத் தெருக்காரர்களுக்கு நன்றி. தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டையால் நாள் கணக்கில் அடித்தார்கள். வரிசையாக உட்கார்ந்து அடித்தவர்களில் பாதிப் பேர் நம் ஊர்ப் பெண்கள். கட்டை அடித்தால் துள்ளி எழ வேண்டும், அப்போதுதான் தளம் இறுகியிருக்கிறது என்று கொத்தனார் சொன்னார். அது வரைக்கும் விடவில்லை. அதற்கு மேல்தான் தட்டோடு பதித்தோம்.

விமானத்தில் வேர் விட்டிருந்த அரசஞ்செடியை ஒரே நாளில் பிடுங்கிவிடலாம் என்று பலர் சொன்னீர்கள். பிடுங்கியிருந்தால் வேரோடு தெற்குப் பக்கத்துத் தட்சிணாமூர்த்தியின் சுதைச் சிற்பமும் (சுண்ணாம்புக் காரையில் செய்தது) பெயர்ந்து வந்திருக்கும். தண்டை வெட்டி, வேரைக் காயவிட்டு, செங்கல் செங்கல்லாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அதற்கே போயிற்று.

கல் சுவரைச் சுத்தம் செய்ய, மணலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திரம் கொண்டுவருவதாக ஓர் ஒப்பந்தக்காரர் முன்வந்தார். இரண்டே நாளில் கல் புதுசாகிவிடும் என்றார். அந்த முறையில் அழுக்கோடு கல்லின் மேல் தோலும் போய்விடும், எழுத்து இருந்தால் எழுத்தும் போய்விடும். அதற்குத் தடையும் இருக்கிறது. மறுத்துவிட்டுத் தண்ணீரும் தேங்காய் நார்த் தேய்ப்பானும் வைத்துத்தான் கழுவினோம். வடக்குச் சுவரில் பல கை வெள்ளையடிப்புக்கு அடியிலிருந்து கல்வெட்டு எழுத்துகள் வெளியே வந்தன. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். படி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதைத் தொடர்ந்து கேட்டு வாங்குவது இனி வருகிறவர்கள் பொறுப்பு.

2021 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களைக் காப்பதற்கென்று 75 உத்தரவுகள் போட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மதிப்பீட்டை வல்லுநர் குழு பார்த்து அனுமதித்த பிறகே வேலை தொடங்கினோம். நாள் ஆகிறதே என்று எங்கள் மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் வடக்குச் சுவரின் எழுத்து இன்று இருந்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் எட்டுப் பொருள் கலவையான அஷ்டபந்தன மருந்துக்குக் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு எல்லாம் கடையில் கிடைத்தன. எருமை வெண்ணெய்தான் கிடைக்கவில்லை. ஊரில் இப்போது எருமை இருப்பது ஒரே வீட்டில். அந்த அம்மா பல நாள் பாலை விற்காமல் உறை ஊற்றிக் கடைந்து, சேர்த்த வெண்ணெயை மூடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கணக்கில் அந்த வரி காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வரவு செலவு முழுவதையும் ரசீது எண்ணோடு அச்சடித்து முன் மண்டபத்தில் ஒட்டியிருக்கிறோம். ரசீதுக் கட்டுகளும் அங்கேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். உபயதாரர் பெயர்ப் பலகையில் அகர வரிசையில் பெயர் மட்டும் இருக்கும், தொகை இருக்காது. இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பது தெரியும். ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்தவரின் பெயர் கீழே போவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

மிச்சப் பணத்தை விளக்கு நிதியாக வங்கியில் போட்டிருக்கிறோம். வட்டி எண்ணெய்க்கு, முதலைத் தொடக் கூடாது. சோழர் காலத்தில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்டார்கள். அதைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் எழுதினார்கள். ஆடு சாகும், குட்டி போடும், மேய்ப்பவர் மாறுவார், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. இந்த முதலும் அப்படியே இருக்கட்டும்.

சரி, விலகும் விஷயம். எங்களைக் கூப்பிட்டது திருப்பணிக்கு மட்டும்தான். போகப் போக மின்கட்டணம், எண்ணெய், மாலைக்குச் சொல்வது, குருக்களுக்கு ஆள் மாற்றுவது எல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தன. பிரதோஷம் என்றைக்கு என்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் போன் வரைக்கும் செயலாளராகிய எனக்குத்தான் வந்தது. ஆசையோடுதான் செய்தேன். ஆனால் நான் காய்ச்சலில் படுத்த வாரம் மடப்பள்ளிச் சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கோயில் ஒரு ஆளின் ஞாபகத்தில் நிற்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நமக்கு வழிகாட்ட வெகுதூரம் போக வேண்டாம், பக்கத்து உத்திரமேரூர் போதும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய ஊர்ச் சபை விதிகள் இன்றும் நிற்கின்றன. ஊர்க் காரியம் பார்க்கும் குழுவான வாரியத்தில் இருப்பவருக்கு 360 நாள்தான் காலம். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயரைக் குடவோலையில், அதாவது குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கும் குலுக்கலில், சேர்க்கக் கூடாது. கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவர் உறவினருக்கும் இடமே கிடையாது. நாங்கள் 360 நாளை எப்போதோ தாண்டிவிட்டோம். கணக்கைக் காட்டிவிட்டோம். மூன்று வருடத்துக்கு எங்கள் பெயரை யாரும் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கூப்பிட்டால் வந்து சொல்லிக் கொடுப்போம், பொறுப்பில் இருக்க மாட்டோம். வீடு தேடி வந்து வற்புறுத்தியவர்களின் அன்புக்கு நன்றி, முடிவில் மாற்றமில்லை.

புதியவர்களுக்கு நோட்டு ஒன்றில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். அதில் முக்கியமானதை மட்டும் இங்கே சொல்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் மேலே ஏறித் தூம்புகளில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தில் செடி விரல் உயரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தளத்தில் விரிசல் கண்டால் சிமென்ட் வைக்காதீர்கள், தெற்கு மூலையில் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது, காயாமல் தண்ணீர் விட்டு வாருங்கள். வடக்குச் சுவருக்கு எண்ணெயும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம்.

வரும் பிரதோஷத்தன்று பூஜை முடிந்ததும் முன் மண்டபத்தில் சாவிக் கொத்தை ஒப்படைக்கிறோம். கொத்தில் இருக்கும் பித்தளைச் சாவி மடப்பள்ளிக்கு. கதவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால்தான் அது திறக்கும்.