கறுத்த கட்டிக்குப் பெயர் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

சிறுநீரகத்திலிருந்து எடுத்த அந்தக் கறுத்த கட்டியின் ரிப்போர்ட்டில், அடியில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. உழைத்தவர்களோ பலர். அதனால்தான் இந்த மடல்.

முதலில் அறுவை செய்த யூராலஜி டாக்டருக்கு. சிறுநீரகக் கட்டிக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கறுத்திருப்பது சகஜம். ஆனாலும் "இது ரத்தம் மாதிரித் தெரியவில்லை" என்று படிவத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினீர்கள். எங்கள் தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது.

அடுத்து எங்கள் லேப் டெக்னீஷியன் அக்காவுக்கு. இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்தில் நீலம் துளியும் வரவில்லை. ஆக, பழைய ரத்தம் விட்டுச்செல்லும் இரும்பு நிறமியான ஹீமோசிடரின் இல்லை. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனினைக் கறுப்பாகக் காட்டும் ஃபான்டானா-மேசன் சாயத்தில் துகள்கள் கன்னங்கரேலென்று வந்தன. வயதான செல்களில் சேரும் லிப்போஃபஸ்சின் நிறமியும் அதில் கறுக்கும் என்பதால், நான் கேட்கும் முன்பே இன்னொரு ஸ்லைடை வெளுப்புக் கரைசலில் போட்டு வைத்திருந்தீர்கள். மெலனின் என்றால் அதில் வெளுத்துவிடும். நிறம் முழுசாகப் போய்விட்டது. மெலனின்தான்! நிறமி மறைத்திருந்த உட்கருக்களும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தன.

சிறுநீரகத்தில் மெலனின் என்றால், வேறெங்கோ இருக்கும் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோய் பரவியதோ என்ற பயம்தான் முதலில் வரும். தோல் டாக்டர் உள்ளங்கால், நகக்கண், தலைமுடிக்குள் என்று ஓரிடம் விடாமல் பார்த்தார். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விழித்திரை வரை சோதித்தார். எங்கும் எதுவும் இல்லை. "ஒன்றும் இல்லை" என்று எழுதுவதற்காக இவ்வளவு பாடுபடுகிறவர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அப்புறம், ஸ்லைடுகளைப் பார்த்துக் கருத்துச் சொன்ன நிபுணருக்கு. மெலனோமாவில் வழக்கமாக வரும் எஸ்-100, சாக்ஸ்-10 புரதச் சோதனைகள் இரண்டும் நெகட்டிவ். நிறமிச் செல் புரதத்தைக் காட்டும் ஹெச்எம்பி-45 மட்டும் பாசிட்டிவ். சிறுநீரகப் புற்றில் வழக்கமாக வரும் பாக்ஸ்-8, கெரட்டின் இரண்டும் வரவில்லை. "சரி, டிஎஃப்இ3 புரதச் சோதனை போட்டுப் பாருங்கள்" என்றீர்கள். உட்கருக்கள் அடர்பழுப்பாக வந்தன. மரபணு முறிந்திருக்கிறதா என்று ஒளிரும் புள்ளிகளால் காட்டும் ஃபிஷ் சோதனையில், ஒட்டியிருக்க வேண்டிய சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் பிரிந்து நின்றன. எக்ஸ் குரோமோசோமில் டிஎஃப்இ3 மரபணு முறிந்து இடம் மாறியதால் வந்த, மெலனின் உள்ள அபூர்வக் கட்டி. இதைப் பீகோமா என்ற, ரத்தக்குழாயை ஒட்டிய செல்களின் கட்டிக் குடும்பத்தில் சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் மறைக்காமல் ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னது நீங்கள்தான்.

பெயர் உறுதியாகும் வரை மெலனோமா சிகிச்சையில் இறங்காமல் பொறுத்திருந்த புற்றுநோய் டாக்டருக்கும் நன்றி. அவசரப்பட்டிருந்தால் நோயாளிக்குத் தேவையில்லாத மருந்து போயிருக்கும்.

கடைசியாக, அந்த நோயாளிக்கு. பதில் வரும் வரை பொறுமையாகக் காத்திருந்தீர்கள். ஸ்லைடுகளை மாணவர்களுக்குக் காட்டவும் சம்மதித்தீர்கள். தவறாமல் ஸ்கேனுக்கு வந்துகொண்டிருங்கள். இந்தக் கட்டி சில சமயம் தாமதமாகவும் திரும்பி வரும்.

நன்றியுடன்,
உங்கள் நோயியல் மருத்துவர்