அத்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிற வழி

அன்புள்ள அம்மிணி,

உங்க அத்தைக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரைக்கும் மரத்துப்போகுதுன்னும், டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதியிருக்காருன்னும், நீ போன் பண்ணின ஸ்கேன் சென்டர்ல எல்லாம் "காப்பீட்டு அட்டை இங்கே எடுக்கறதில்லீங்க"ன்னு சொல்றாங்கன்னும் எழுதியிருந்தே. சென்டர் சென்டரா கேட்கறதை நிறுத்திரு கண்ணு. தனியார் டாக்டர் எழுதின சீட்டோட தனியார் சென்டருக்குப் போனா, வெறும் ஸ்கேனுக்கு முதலமைச்சர் காப்பீடு பெரும்பாலும் நடக்காது. பட்டியல்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகூட, ஆளைப் படுக்க வெச்சு வைத்தியம் பண்ணும்போது அந்த வைத்தியத்தோட சேர்த்துத்தான் ஸ்கேன் செலவைக் கணக்குல கொண்டுவரும். தனியா ஸ்கேன் மட்டும் வேணும்னா அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டுலதான் ஆரம்பிக்கணும்.

முதல்ல வீட்டிலேயே பார்க்க வேண்டியது ரேஷன் கார்டு. அத்தை பேரு உங்க கார்டுல இருக்கா, இல்லே மாப்பிள்ளையோட அண்ணன் கார்டுல இருக்கான்னு பாரு. காப்பீடு குடும்ப அட்டையை ஒட்டித்தான் போகும். கூட இருக்கறது உங்க வீட்டிலன்னாலும், பேரு மூத்தவர் கார்டுல இருந்தா அவங்க வீட்டுக் காப்பீட்டு அட்டைதான் செல்லும். நிறையப் பேரு கவுண்டர் வரைக்கும் போய்த் திரும்பறது இதனாலதான். அடுத்தது, ஆதார்ல இருக்கிற பேரும் ரேஷன் கார்டுல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல பழனியம்மாள், இன்னொண்ணுல பழனாத்தாள்னு இருந்தா முன் அனுமதி கேட்கும்போது நிறுத்தி வெச்சிருவாங்க.

அட்டையே எடுக்கலேன்னா, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிறதுக்குக் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சான்று வாங்கிட்டு, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். சந்தேகம்னா 1800 425 3993-க்குக் கூப்பிடு, காசு ஆகாது.

மாப்பிள்ளைக்கு பனியன் கம்பெனியில ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறாங்களான்னு சம்பளச் சீட்டைப் பாரு. சம்பளம் மாசம் 21,000-க்குள்ள இருந்தா 0.75 சதவீதம் பிடிச்சிருப்பாங்க. அவரை நம்பி இருக்கிற அம்மாவும் அதுல சேர்த்தி. ஆனா பேரைப் பதிஞ்சிருக்கணும். கம்பெனி ஆபீஸ்ல பெண்டாட்டி, குழந்தை பேரை மட்டும் ஏத்தி அம்மாவை விட்டிருப்பாங்க. பதிஞ்சிருந்தா டிஸ்பென்சரியில சீட்டு வாங்கி, சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே முடியாததை அவங்களே ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாங்க. ஒரே ஸ்கேனுக்கு ரெண்டு அட்டையையும் நீட்ட வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ. இல்லேன்னா கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போ. எலும்பு ஓ.பி.யோ நரம்பியல் ஓ.பி.யோ, எந்தக் கிழமைன்னு முன்னாடியே கேட்டுக்கோ. அரசு ஆஸ்பத்திரி ஸ்கேன் மையங்களைத் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் நடத்துது. அட்டை இல்லாதவங்களுக்கும் சி.டி. ஸ்கேன் 500, எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய்தான் வாங்கிட்டு இருக்காங்க. படம் தெளிவாத் தெரியறதுக்கு ஊசியில மருந்து ஏத்தி எடுத்தா எச்சா ஆகும். அதனால அட்டை சிக்கல் நீண்டுட்டே போனா, வெளிய கடன் வாங்கி எடுக்காதே, இதைக் கட்டி எடுத்துரு. ஆனா ஒண்ணு, காசு கட்டிட்டுப் பொறவு காப்பீட்டில வாங்கிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதே. இது கையில பணம் வாங்காம பண்ற திட்டம், கட்டினது பொதுவா திரும்பாது.

சீட்டை வாங்கின உடனே அந்த எடத்திலேயே படிச்சுப் பாரு. "எம்.ஆர்.ஐ. ஸ்பைன்"னு மட்டும் இருந்தா கழுத்தா, முதுகா, இடுப்பான்னு ஸ்கேன் எடுக்கறவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிருவாங்க. இடுப்புப் பக்கத்து முதுகெலும்புன்னு அர்த்தமாகற "எல்.எஸ். ஸ்பைன்"னு இருக்கணும். எந்தக் கால், எத்தனை மாசமா, முன்னாடி ஆபரேஷன் ஆகியிருக்கான்னு ரெண்டு வரியும் இருக்கணும். ரிப்போர்ட் எழுதற ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் அத்தையை நேர்ல பார்க்கவே மாட்டார். படத்தையும் அந்த ரெண்டு வரியையும் வெச்சுத்தான், வயசானவங்க எல்லாருக்கும் இருக்கிற தேய்மானம் எது, வலிக்குக் காரணமான நரம்பு அழுத்தம் எதுன்னு பிரிச்சு எழுதணும். விவரம் இல்லாத சீட்டுக்கு விவரம் இல்லாத ரிப்போர்ட்தான் வரும். பழைய எக்ஸ்ரே இருந்தா அதையும் எடுத்துட்டுப் போ.

ஸ்கேன் அன்னிக்கு நகை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழட்ட அத்தை சங்கடப்படுவாங்க, முதல் நாளே மஞ்சள் கயித்துக்கு மாத்திக் கட்டிவிடு. அதுல ஊக்கு கோத்திருந்தா கட்டாயம் எடுத்துரு. தங்கம் காந்தத்துல இழுபடாது, ஆனா ஊக்கு இரும்பு, பாய்ஞ்சு போய்க் காயம் பண்ணும். கொண்டை ஊசி, ஜாக்கெட் கொக்கி, பல் செட்டு, காது மெஷின் எல்லாம் பார்த்துக்கோ. பேஸ்மேக்கர், உள்ளே வெச்ச பிளேட், கிளிப் ஏதாவது இருந்தா எப்ப வெச்சதுன்னு டிஸ்சார்ஜ் சீட்டோட முன்னாடியே சொல்லணும். அரை மணி நேரம் அசையாம மல்லாக்கப் படுக்கணும், சத்தம் டமடமன்னு இருக்கும். முழங்காலுக்கு அடியில தலகாணி கேளு, இடுப்பு வலி தாங்கும். அசைஞ்சா படம் மங்கிப் போய் மறுபடி எடுக்க வேண்டி வரும். மருந்து ஏத்தறதா இருந்தா, கிட்னி எப்படி இருக்குன்னு பார்க்கிற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் ரிசல்ட் கையில இருக்கட்டும்.

திரும்பும்போது பிலிமோட, படம் பதிஞ்ச சி.டி. தட்டையும் கேட்டு வாங்கு. நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே படத்தைப் பார்க்கலாம், பெரும்பாலும் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டாங்க.

இதுக்கு நடுவுல அத்தைக்கு ஒண்ணுக்குப் போறதே தெரியாமப் போனாலோ, அடைச்சுக்கிட்டாலோ, தொடைக்கு நடுவுல மரத்துப்போனாலோ, பாதம் திடீர்னு தொங்கிப்போனாலோ, ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதே. ராத்திரின்னாலும் 108-ஐக் கூப்பிட்டு நேரா அவசரப் பிரிவுக்குப் போ. அந்த நிலைமையில மணிக்கணக்கு முக்கியம், காப்பீட்டுக் காகிதம் எல்லாம் பொறவு சேர்த்துக்கலாம்.

ரேஷன் கார்டு, ஆதார் ரெண்டையும் போட்டோ எடுத்து இன்னிக்கே எனக்கு வாட்ஸ்அப் பண்ணு, பேரைச் சரிபார்த்துச் சொல்றேன். ஓ.பி. சீட்டையும் கவுண்டர்ல கொடுக்கறதுக்கு முன்னாடி அனுப்பு.

அப்பா
கோபி