டெட்ஃபர்டில் மார்லோ

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவாகிவிட்டாயா! தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் வாழ்த்தைச் சொல்லு. இங்கே என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

கல்லூரி விழாவில் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில நாடகாசிரியன் கிறிஸ்டோஃபர் மார்லோவைப் பற்றிப் பேசப்போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாய், ஆனால் குடிபோதையில் ஒரு பெண்ணுக்காகச் சண்டை போட்டுச் செத்தான் என்ற பழைய கதையை மட்டும் மேடையில் சொல்லிவிடாதே. 1597-இல் தாமஸ் பியர்ட் என்பவர், கடவுளை மறுத்தவனுக்குக் கடவுளே கொடுத்த தண்டனை அது என்று எழுதினார். மறுவருஷம் ஃபிரான்சிஸ் மியர்ஸ் அதில் காதல் போட்டியையும், குத்திய ஒரு வேலைக்காரனையும் சேர்த்துவிட்டார். கொன்றவன் பெயரும் குழம்பிப்போனது. தேவாலயப் பதிவேட்டில் இருந்த பெயரை 19-ஆம் நூற்றாண்டில் யாரோ ஆர்ச்சர் என்று படித்துவிட, எல்லாரும் அந்த ஆர்ச்சரையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

1925-இல்தான் லெஸ்லி ஹாட்சன், லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்த மரண விசாரணை அறிக்கையைக் கண்டெடுத்து வெளியிட்டார். 1593 மே 30, லண்டன் பக்கத்து டெட்ஃபர்டில் எலினார் புல் என்ற விதவையின் வீடு. காலை பத்து மணிக்கே நாலு பேர் கூடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தோட்டத்தில் உலாவுகிறார்கள், ராத்திரிச் சாப்பாடும் முடிகிறது. அப்புறம் பணம் யார் கொடுப்பது என்பதில் தகராறு. கட்டிலில் படுத்திருந்த மார்லோ, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இங்கிரம் ஃப்ரைஸரின் கத்தியை உருவி அவன் தலையில் இரண்டு வெட்டு வெட்டுகிறான். இழுபறியில் அதே கத்தி மார்லோவின் வலது கண்ணுக்கு மேலே இறங்குகிறது, அங்கேயே உயிர் போய்விடுகிறது. வயது 29. பெண் விவகாரம் ஒரு வரிகூட இல்லை. தற்காப்பு என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் ஃப்ரைஸருக்கு எலிசபெத் ராணியின் மன்னிப்பும் கிடைத்துவிட்டது.

அவன் சாகவே இல்லை, தப்பிப்போய் ஷேக்ஸ்பியர் பெயரில் எழுதினான் என்று கால்வின் ஹாஃப்மன் கிளப்பியது இன்னொரு கூத்து. ஆதாரம் கிடைக்கும் என்று 1956-இல், மார்லோவை ஆதரித்த வால்சிங்கம் குடும்பத்தின் கல்லறையைத் திறந்து பார்த்தால் உள்ளே மணல்! பிணத்தை 16 ஜூரர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள், எனக்கு அது போதும்.

ஆனால் பணத்தகராறு என்பதை நான் அப்படியே விழுங்க மாட்டேன். உள்ளே நடந்ததற்குச் சாட்சி, கொன்றவனும் அவன் கூட இருந்த ஸ்கெரஸ், ராபர்ட் போலி என்ற இரண்டு பேரும்தான். ஃப்ரைஸரும் ஸ்கெரஸும் சேர்ந்து ஆளை ஏமாற்றிப் பணம் பறித்தவர்கள். ராபர்ட் போலி அரசின் ஒற்றன், ராணியைக் கொல்லப் போட்ட பேபிங்டன் சதியில் உள்ளே புகுந்து வேலை பார்த்தவன். மார்லோவோ நாத்திகக் குற்றச்சாட்டில் சிக்கி, தினமும் ராணியின் ஆலோசனைச் சபைக்கு வந்து நிற்க வேண்டிய நிலையில் இருந்தவன். கொலைக்கு உத்தரவு போட்டது இன்னார்தான் என்று எழுதுகிறவர்கள் ஊகத்தைத்தான் எழுதுகிறார்கள், ஆகவே பெயர் எதுவும் சொல்லாதே. கத்தியும் காயமும் அறிக்கையில் உள்ளபடி, காரணம் மட்டும் அந்த மூவர் சொன்னபடி என்று பிரித்துச் சொல்லிவிடு, பிள்ளைகளே மீதியைக் கேட்பார்கள்.

பேச்சு எழுதி முடித்ததும் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்