மஞ்சள் கோட்டைத் தாண்டியவன் எழுதும் மடல்

இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் சென்னைப் பொறுப்பாளர்களுக்கும், டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பொழிச்சலூரில் குடியிருக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானத்தின் சக்கரங்களை எண்ணிவிடலாம். ஓய்வு பெறும்வரை 26 வருஷம் விமான நிலையங்களில் தரைச் சேவை வேலை பார்த்தவன். முதலில் பெட்டி இழுக்கும் வண்டி, அப்புறம் விமானத்தைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிற டிராக்டர். மூன்று ஊர்கள், இரண்டு கம்பெனிகள். இப்போது சொல்லப்போவது எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் நடந்தது என்பதை எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை.

ஐப்பசி மாதம், ராத்திரி ஒரு மணி, விடாத மழை. ஆளில்லாத விமானம் ஒன்றை ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் விமானம் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துப் போகவேண்டும். விமானத்தின் காக்பிட்டில் பிரேக்குக்காக ஒரு டெக்னீஷியன் தம்பி உட்கார்ந்திருந்தான். டவரோடு, அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது அவன். அவன் சொல்வதை வாக்கி டாக்கியில் கேட்டு வண்டியை நகர்த்துவது நான். டவர் எங்களை ஓடுபாதைக்கு முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறது. அவன் எனக்குச் சொன்னது இது: “ஒரு லேண்டிங் இருக்கு, அது முடிஞ்சதும் போலாம்ணா.” பட்டனை முழுசாக அழுத்துவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான் போல. நடுவில் மழைச் சத்தம் வேறு. என் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். “போலாம்ணா.”

போனேன்.

ஓடுபாதைக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடுகள் இருக்கும். நாம் நிற்கும் பக்கம் இரண்டு முழுக்கோடு, ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக்கோட்டை டவர் சொல்லாமல் தாண்டக்கூடாது. இந்த வேலையில் சேரும் எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தருவது அது. அன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் மூன்று விரல் தண்ணீர். அதில் பக்கத்து விளக்கெல்லாம் கலைந்து மிதந்தது. சிவப்புப் பலகை வைப்பர் ஓடும் கண்ணாடியில் ஒரு கறையாகத் தெரிந்தது. டிராக்டர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் தம்பி கத்தினான்: “நில்லுங்கண்ணா, நில்லு நில்லு!” அவன் விமானத்தின் பிரேக்கை மிதிக்க, நான் டிராக்டரின் பிரேக்கை மிதிக்க, இழுவைக் கம்பி ஒரு முறை முறுகி நின்றது. அடுத்த மூச்சில் ஒரு விமானம் எங்கள் முன்னால் இறங்கி ஓடியது. அது வாரி அடித்த தண்ணீரின் சாரல் காற்றோடு வந்து என் கண்ணாடியில் விழுந்தது.

பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதையில் அந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து பொதுவாக 90 மீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே இடிபடும் தூரத்தில் நான் இல்லை. ஆனால் அந்த வேகத்திலேயே போயிருந்தால் அரை நிமிஷத்துக்குள் ஓடுபாதையில் இருந்திருப்பேன், பின்னால் ஒரு விமானத்தையும் இழுத்துக்கொண்டு.

விடியற்காலையில் சூப்பர்வைசரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். “ஒண்ணும் ஆகலல்ல? எழுதிக் கொடுத்தா ஏர்போர்ட் பாஸைப் புடுங்கிருவான். பொண்ணு காலேஜ் படிக்குதுன்னு சொன்னியே. போய் டீ சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போ” என்றார். போனேன். நானும் எழுதவில்லை, அந்தத் தம்பியும் எழுதவில்லை. வாக்கி டாக்கியில் பேசும் முறையை யாரும் மாற்றவில்லை, கோட்டின் மேல் தண்ணீர் நிற்பதை யாரும் சரிசெய்யவில்லை. அந்த இடத்தில் அடுத்த மழையில் வண்டி ஓட்டியவனுக்கு எனக்கு நடந்தது தெரியாது. இத்தனை வருஷம் என்னை அறுப்பது இதுதான்.

ஓய்வுக்குப் பிறகுதான் இதைப் பற்றியெல்லாம் உட்கார்ந்து படித்தேன். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. மூடுபனியில் கேஎல்எம், பான் ஆம் என்ற இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். இன்றுவரை விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து கிடையாது. டவர் கேஎல்எம்மிடம் சொன்னது, “ஓகே... கிளம்பத் தயாராக இருங்கள், நான் கூப்பிடுகிறேன்.” அதே நொடியில் பான் ஆம் விமானி, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார். இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொண்டதால், கேஎல்எம் காக்பிட்டில் ‘ஓகே’ என்ற சொல்லுக்குப் பிறகு கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சியது. எனக்கு ‘போலாம்ணா’, அவர்களுக்கு ‘ஓகே’. படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. கேஎல்எம் காக்பிட்டில் இருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்து, பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டிருக்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அவர் அதற்கு மேல் பேசவில்லை. பெரியவர் சொன்னால் சின்னவர் வாயை மூடிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த விபத்துக்குப் பிறகுதான், கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை ரேடியோவில் சொல்லக்கூடாது என்று ஆனது. ஒரு சொல்லைச் சரிசெய்ய 583 உயிர் வேண்டியிருந்தது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஓடுபாதையின் பாதுகாப்பை ஒரே ஒரு மனிதனின் காது மேலும் ஞாபகத்தின் மேலும் தொங்கவிடாதீர்கள்.

1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். இரவு நேரம். டவரில் இருந்த பெண் அதிகாரி ஒரு சின்ன விமானத்தை ஓடுபாதையில் நிற்கச் சொன்னார். அடுத்தடுத்து வந்த வேலையில் அது அங்கே நிற்பதை மறந்து, இன்னொரு விமானத்தை அதே ஓடுபாதையில் இறங்கச் சொல்லிவிட்டார். 35 பேர் இறந்தார்கள். ‘மறந்தது அவர், தண்டனை அவருக்கு’ என்று கோப்பை மூடியிருக்கலாம். அமெரிக்க விசாரணை வாரியம் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் மறந்தால் இன்னொருவர் பிடிக்கும்படியான ஏற்பாட்டை அந்த டவரின் நிர்வாகம் செய்யவில்லை என்பதைத்தான் காரணத்தில் முதலில் எழுதியது.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின. இது நடுவானில் நடந்தது, ஓடுபாதையில் இல்லை. ஆனால் என் பேச்சுக்கு இதுதான் ரொம்ப நெருக்கம். அந்த வானத்தைக் கவனித்துக்கொண்டிருந்த சுவிட்சர்லாந்தின் சூரிச் மையத்தில் அந்த நேரம் ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருக்கவேண்டியவர் ஓய்வு அறையில். தொலைபேசி இணைப்புகளில் பராமரிப்பு வேலை. 71 பேர் போனார்கள், அதில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 2004இல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். குற்றம் உங்களுடையது என்று 2007இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அவர் வேலை பார்த்த கட்டுப்பாட்டு நிறுவனத்தின் மேலாளர்கள் நாலு பேரைப் பார்த்து. அதற்குள் வாசலில் நின்ற மனிதர் மண்ணுக்குள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2024 ஜூன் 8, மும்பை. ஏர் இந்தியா விமானம் கிளம்பிக்கொண்டிருக்கும் ஓடுபாதையிலேயே இண்டிகோ விமானம் இறங்கியது. வீடியோவை நாடே பார்த்தது. அந்தக் கட்டுப்பாட்டாளரை உடனே பணியிலிருந்து விலக்கினீர்கள். விசாரணை முடியும்வரை அது தேவையாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் நாடெங்கும் டவர்களில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் அன்றைக்கு என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் சூப்பர்வைசர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்.

ஜப்பானைப் பாருங்கள். 2024 ஜனவரி 2, ஹனேடா. நிலநடுக்கத்துக்கு நிவாரணம் கொண்டுபோகவிருந்த கடலோரக் காவல்படை விமானம் ஓடுபாதைக்குள் வந்து நிற்க, அதன் மேல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கியது. காவல்படையினர் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ‘நீங்கள்தான் நம்பர் ஒன்’, அதாவது வரிசையில் முதல் ஆள் என்று டவர் சொன்னதை, உள்ளே போகலாம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது. ஓடுபாதையில் ஏதோ நிற்கிறது என்று டவரின் திரை மின்னி எச்சரித்தும் இருக்கிறது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. சில நாட்களிலேயே ‘நம்பர் ஒன்’ என்று சொல்வதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அந்தத் திரையைப் பார்ப்பதற்கென்றே தனி ஆள் போட்டார்கள். எங்கள் மீனம்பாக்கத்து டவரிலும் ஓடுபாதையை மட்டும் பார்க்க ஒரு தனி ஆள், ராத்திரி மூன்று மணிக்கும் இருக்கவேண்டும். மின்னுவதோடு நில்லாமல் காதைப் பிடித்து இழுக்கும் சத்தத்தோடு எச்சரிக்கை வரவேண்டும்.

சென்னைக்கு இது கூடுதலாகவே தேவை. இங்கே இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சின்னது அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டியது. பெரியதை விட்டால் சின்னது, சின்னதை விட்டால் பெரியது, தள்ளிவைக்க இடமில்லை. பரந்தூரில் புது விமான நிலையம் வரும்வரை இருக்கும் இடத்தில்தான் சமாளிக்கவேண்டும். மழைக்காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டாம்: 2015 டிசம்பரில் வெள்ளத்தில் விமான நிலையமே மூடிக்கிடந்தது, 2023இல் மிக்ஜாம் புயலுக்கு மறுபடியும். போகிப் பண்டிகை விடியற்காலையில் டயர் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதையையே மறைத்து, விமானங்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிட்ட வருஷங்களும் உண்டு. (எங்கள் தெருவிலும் டயர் எரிக்கிறார்கள். சொல்லிச் சொல்லி இப்போதுதான் குறைந்திருக்கிறது.) அப்படிப்பட்ட காலையில் டவரில் இருப்பவருக்குக் கண் இருந்தும் இல்லாத மாதிரிதான். 2001 அக்டோபரில் இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையத்தில் இதே மாதிரி மூடுபனியில் 118 பேர் இறந்தபோது, அங்கே தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் வேலை செய்யவில்லை. ஆகவே பழுதான விளக்கையோ கருவியையோ ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தயவுசெய்து விடாதீர்கள்.

களைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு, விமானக் கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையைப் பற்றியும் அவர்கள் களைத்துப்போவதைப் பற்றியும் கவலைப்பட்டு எழுதியது. டிஜிசிஏவிலேயே 1,063 பணியிடங்களில் 553 மட்டும்தான் நிரம்பியிருக்கின்றன என்றும் சொன்னது. கண்காணிக்கும் அலுவலகமே அப்போது பாதி காலி. பைலட்டுக்கு ஓய்வு என்றால் நாடே பேசுகிறது. டவரில் இருப்பவர் தொடர்ந்து எத்தனை இரவு விழித்தார் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாம் இரவு விழிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண் திறந்திருக்கும், காது கேட்கும், கேட்டது மட்டும் மண்டையில் ஏறாது.

அதே ஆகஸ்ட் 10ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி போன ஏர் இந்தியா விமானம் கோளாறு என்று சென்னைக்குத் திரும்பியது. இறங்கும் நேரத்தில் மறுபடி மேலே தூக்கிவிட்டார்கள். ஓடுபாதையில் வேறு விமானம் நின்றதாகக் கேப்டன் அறிவித்தார் என்று உள்ளே இருந்த எம்.பி. கே.சி. வேணுகோபால் சொன்னார். வேறு விமானம் ஏதும் இல்லை, கட்டுப்பாட்டு அறை சொன்னபடிதான் மேலே எழுந்தோம் என்று ஏர் இந்தியா சொன்னது. எங்கள் தெரு டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. இறங்காமல் மேலே தூக்குவது ஆபத்து கிடையாது, அதுதான் பாதுகாப்பு என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவேண்டியது நீங்கள். இப்படி ஏதாவது நடந்தால் என்ன நடந்தது, எதை மாற்றினோம் என்று எளிய தமிழில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். ஆள் பெயர் வேண்டாம்.

கடைசியாக, என் பழைய கூட்டாளிகளுக்காக. 2022 நவம்பரில் பெருவின் லிமா விமான நிலையத்தில், கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் குறுக்கே தீயணைப்பு வண்டி வந்து மோதி, வண்டியில் இருந்த வீரர்கள் இறந்தார்கள். விமானத்தைப் போலவே வண்டியும் ஓடுபாதையில் ஆபத்துதான். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆங்கிலத்தில் ஸ்லைடு போட்டு இந்தியில் விளக்கினார். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினோம், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினோம். ரேடியோவில் ஆங்கிலம்தான் பேசவேண்டும், அதில் மாற்றமே கூடாது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும், வாக்கி டாக்கியில் பாதி வாக்கியம் கேட்டால் என்ன செய்வது என்பதைச் சென்னையில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். தவறை அவன் தமிழிலேயே எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். வேண்டுமென்றே செய்தது, குடித்துவிட்டுச் செய்தது தவிர மற்றதற்கு, தானாக வந்து சொன்னவனின் பாஸ் போகாது என்று கையெழுத்துப் போட்டு ஒட்டுங்கள்.

என் மகள் படித்து வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு இனி பறிகொடுக்கப் பாஸ் இல்லை. அந்த ராத்திரி நடந்ததைத் தேதி, இடத்தோடு எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுக்கிறேன். இந்த வருஷ மழைக்கு முன்னால் புது ஓட்டுநர்களுக்கு வகுப்பு நடத்தினால் என்னைக் கூப்பிடுங்கள், காசு வேண்டாம். பொழிச்சலூரிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிடுவேன். போர்டில் அந்த நாலு கோட்டை வரைந்து, “போலாம்ணா” என்று கேட்டால் என்ன செய்யவேண்டும் என்பதில் ஆரம்பிக்கிறேன்.

இப்படிக்கு,
பொழிச்சலூரிலிருந்து ஒரு முன்னாள் டிராக்டர் ஓட்டுநர்