ஞாயிறு காலை: கண்ணாடித் தொழிற்சாலை வேலை பற்றி

எல்லோருக்கும் வணக்கம். கண்ணாடித் தொழிற்சாலை நேர்காணலுக்குப் போகும் நம் கெடா, பாடாங் செராய் பிள்ளைகளுக்காக ஞாயிறு காலை 10 மணிக்குக் கோயில் மண்டபத்தில் பேசுகிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவர்கள் கட்டாயம் வாருங்கள்.

"கண்ணாடியில் குறை இருக்கா என்று கேமராவே எல்லாம் பார்க்குது, அங்கே ஆளுக்கு என்ன வேலை?" என்று நேற்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சூட்டைத் தடுக்கும் கண்ணாடியில் பூசும் வெள்ளிப் படலம் சுமார் 10 முதல் 15 நானோமீட்டர்தான். தலைமுடியின் கனத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. தூசி இருந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் ஊசிமுனை அளவுக்குத் துளை விழும். உருளைகள் மேல் கண்ணாடி ஓட ஓட, கேமரா கோடு கோடாகப் படமெடுத்துச் சேர்க்கும். அடியிலிருந்து விளக்கு போட்டால் துளை வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கீறலுக்கு விளக்கைச் சாய்த்து அடிக்க வேண்டும், அப்போதுதான் இருட்டில் மின்னும். ஒரு ஷிப்ட் முழுக்க மனிதக் கண்ணால் இதைப் பார்க்க முடியாது. நான் பார்த்துக் கண் எரிந்தவன்.

ஆனால் காயாத நீர்த்துளியையும் கேமரா குறை என்று காட்டிவிடும். ஒரே இடைவெளியில் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஓர் உருளையில் கோளாறு. எந்த உருளை என்று தேட ஆள் வேண்டும். நம் பிள்ளைகள் மூட்டை தூக்கும் இடத்தில் நிற்காமல் கேமரா படம் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும், அதுதான் என் ஆசை.

பூச்சுக் கண்ணாடித் துண்டும் டார்ச்லைட்டும் கொண்டுவருகிறேன், நீங்களே அடித்துப் பார்க்கலாம். அப்புறம், வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கேயே பெயர் போட்டுவிடுங்கள்.