கடிவாளம் கண்ணில் கட்டுவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு "கடிவாளம் கட்டிய குதிரை போல இலக்கை மட்டும் பாருங்கள்" என்று அறிவுரை வந்திருந்தது. அதே வாரம் நடுப்பக்கத்தில் ஒருவர், அடுத்தவர் சொல்வதைக் காதிலேயே வாங்காத அரசியல்வாதிகளைக் "கடிவாளம் கட்டிய குதிரைகள்" என்று திட்டியிருந்தார். ஒருவர் வாயில் அது பாராட்டு, இன்னொருவர் வாயில் வசவு. அது இருக்கட்டும், இரண்டு பேர் சொல்ல வந்ததும் கடிவாளமே இல்லை.

பக்கத்தில் பார்க்கவிடாமல் செய்வது கண்ணோரம் வைத்துக் கட்டும் தோல் மறைப்பு. குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், நேர் பின்னால் கொஞ்சமும் மூக்குக்கு முன்னால் கொஞ்சமும் தவிர சுற்றிலும் தெரியும், தெரிகிற எதற்கும் மிரளும். அதனால்தான் ஜட்கா குதிரைக்கும் சில பந்தயக் குதிரைகளுக்கும் அதைப் போடுகிறார்கள். வண்டிக் குதிரைக்கு இந்த மறைப்பும் தலைவாரோடு சேர்ந்தே இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். "கண்ணை மறைத்த குதிரை" என்று எழுதினால் போதுமே.

கடிவாளத்தின் வேலை வாயில். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு, இரும்பு அங்கேதான் உட்காரும். வாரை லேசாகச் சுண்டினால் அந்த அழுத்தம் நாக்கிலும் ஈறிலும் தெரியும், குதிரை திரும்பும், வேகம் குறைக்கும், நிற்கும். நிறுத்துவது அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஓயாமல் இழுத்துப் பிடித்தே ஓட்டுகிறவனிடம் மாட்டிய குதிரைக்கு வாய் மரத்துப்போய்விடும், அப்புறம் எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது கேட்காது.

இதை வைத்து உங்கள் தலைப்புகளைப் பாருங்கள். பணவீக்கத்துக்கு ரிசர்வ் வங்கி கடிவாளம் என்று போடுகிறீர்கள், அது அச்சு அசலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் 2016-ல் வந்த ஏற்பாட்டின்படி வங்கியின் இலக்கு பூஜ்யம் அல்ல, 4 சதவீதம், கீழே 2 வரை, மேலே 6 வரை போகலாம். குதிரை ஓடத்தான் வேண்டும், எந்த வேகத்தில் என்பதுதான் கேள்வி. ஆனால் பிளாஸ்டிக்குக் கடிவாளம் என்று எழுதுவது சரியா? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு இருப்பது தடை. தடையைத் தடை என்றே எழுதலாம், எழுத்தும் மிச்சம். ரவுடிகளுக்குக் கடிவாளம் என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அளவோடு ரவுடித்தனம் செய்யலாம் என்றா அர்த்தம்?

பழைய ஆட்கள் இதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். கடோபநிஷத்தில் உடம்பு தேர், புலன்கள் குதிரைகள், புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம். அங்கே குதிரையைக் கட்டிப்போடச் சொல்லவில்லை, கட்டிப்போட்டால் தேர் எங்கே போகும்? ஓட்டுகிறவன் நினைப்பதைக் குதிரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைதான் மனத்துக்கு. கன்னடத்தில் கடிவாண, மலையாளத்தில் கடிஞ்ஞாண், எல்லாம் பக்கத்து வீட்டுச் சொற்களே. மலையாளத்தில் ஆட்சியின் கடிஞ்ஞாண் இன்னார் கையில் என்றும் சொல்வதுண்டு, அந்தப் பொருளை நாம் ஏனோ அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை.

பி.கு.: கடிவாள வாரை நம் பக்கம் லகான் என்பார்கள், பாரசீக லகாம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் குதிரைக்குப் போடுவது இன்றும் லகாம்தான், லகான் என்றால் அங்கே நிலவரி. இந்திச் செய்தியை மொழிபெயர்க்கும் உங்கள் உதவி ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

இப்படிக்கு,
பழநி வாசகர் ஒருவர்