மகளுக்கு எச்.ஐ.வி. இல்லை: துணை நின்ற உங்களுக்கு நன்றி

போன வாரம் மகளின் 18ஆம் மாதப் பரிசோதனை முடிவு வந்தது. எச்.ஐ.வி. இல்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டுத்தான் தாண்டிக்குடி பஸ் ஏறினேன். என் பெயரும் போடவில்லை, உங்கள் பெயரும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் எங்கள் நர்சம்மா. காபிப் பழம் பறிக்கிற நேரம், ஒருநாள் கூலி போய்விடுமே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வயிற்றில் பிள்ளை மூன்றாம் மாதமாக இருக்கும்போதே தோட்டத்துக்கு வந்து கையோடு கூட்டிப் போனீர்கள். இல்லாவிட்டால் எனக்குத் தொற்று இருப்பதே பிரசவத்தில்தான் தெரிந்திருக்கும். தாய் மருந்தே எடுக்காவிட்டால், பால் கொடுக்கும் காலம்வரை சேர்த்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாமாம். ஒழுங்காக எடுத்தால் 5க்கும் கீழே.

அப்புறம், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து அக்கா. "ரத்தத்துல கிருமி எவ்வளவோ, பிள்ளைக்கு ஆபத்தும் அவ்வளவு. அதை இறக்கிடலாம்" என்றீர்கள். ஒருநாள்கூட மாத்திரையை விடவில்லை. எட்டாம் மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமி அளவு, பார்த்தபோது பரிசோதனையிலேயே தென்படாத அளவுக்கு இறங்கியிருந்தது.

மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். சரி, அதை விடுகிறேன்.

மழை ராத்திரியில் பனிக்குடம் உடைந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று அக்கா சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வளைவுகளில் 108 ஓட்டி வந்த அண்ணனுக்கு என் கும்பிடு. ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். கிருமி அளவு குறைந்திருக்கிறது, தேவையில்லை என்றார். வெட்டாமல், ஆயுதம் போடாமல், என் முழங்காலைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்த அந்தக் கைகளை மறக்கமாட்டேன். மகளின் வாயில் முதலில் விழுந்தது, கிருமி தொற்றாமல் தடுக்கிற நெவிரபின் மருந்துச் சொட்டு. ஆறு வாரம் தினமும் கொடுத்தோம்.

இனி என் அத்தை. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பார்கள், நாக்கில் தேன் தடவுவார்கள். அதற்காகவே மலைத்தேன் வாங்கி வைத்திருந்தார். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான். வேறு எதையும் சேர்த்துக் கொடுத்தால் பிஞ்சுக் குடல் புண்பட்டுக் கிருமி நுழைய வழியாகிவிடும் என்றார் நர்சம்மா. அத்தை பாட்டிலைப் பார்த்தார், மூடியை இறுக்கினார், பரணில் வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் கேட்டபோது, "எங்க வீட்ல அந்த வழக்கம் இல்லை" என்றார். ஆறு பிள்ளைகளுக்குச் சேனை தொட்டவர் அவர். எனக்காக அப்படிச் சொன்னார். என் நோயைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆறாம் வாரம் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக மகளின் குதிகாலில் குத்தி, அட்டையிலிருந்த வட்டங்களில் ஒவ்வொரு சொட்டாக ரத்தம் எடுத்த லேப் தம்பி, பிள்ளை அழுததும் உங்கள் கண்ணும் கலங்கியதைப் பார்த்தேன்.

தை மாதம் பழநியில் மொட்டையடித்துக் காது குத்துகிறோம். ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்கிறேன். அவசியம் வர வேண்டும்.